பதில்: கணக்கிலிருந்து புடவை கவுண்டருக்கு மாற்றிவிட்டு 'உணர்வு நுண்ணறிவு போதாது' என்றால்?

தம்பி, ஆடித் தள்ளுபடி நேரத்தில் கணக்குப் பிரிவிலிருந்து புடவை கவுண்டருக்கு மாற்றிவிட்டு, இப்போது 'உணர்வு நுண்ணறிவு' (தன் உணர்வையும் பிறர் உணர்வையும் புரிந்து கையாளும் திறன்) போதாது என்று இன்கிரிமென்ட்டையும் குறைத்தார்கள் என்கிறீர்கள். நெல்லை டவுன் ரத வீதிக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு உங்கள் எரிச்சல் புரியும்.

ஜோசப், நியூமன் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 2010-இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். வாடிக்கையாளரிடம் முகம் கொடுத்துப் பேசும் வேலைகளில் இந்தத் திறன் பலன் தருகிறது; மற்ற வேலைகளில் அப்படி இல்லை, எதிராகக்கூடப் போகிறது. கணக்கில் கெட்டிக்காரர் கவுண்டரில் திணறுவதில் அதிசயமில்லை. பழைய கணக்குப் பிரிவு வேலையையே கேளுங்கள், கூச்சம் வேண்டாம்.

அதுவரை? ஆவணிக் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த குடும்பம், சேலைகளை மலையாகக் குவித்துவிட்டு "வேற காட்டுங்க" என்னும். கோபத்தை விழுங்கிப் போலியாகச் சிரிக்காதீர்கள். அதுதான் ஆளைச் சீக்கிரம் சோர்வாக்கும். பெரும்பாலும் அத்தைதான் பேசுவார், கல்யாணப் பொண்ணு சும்மா நிற்கும். "உனக்கு எந்தக் கலர்மா பிடிக்கும்?" என்று அந்தப் பொண்ணிடம் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், மேலாளர் சொன்ன கட்டணப் பயிற்சிக்கு இப்போது பணம் கட்டாதீர்கள். உணர்வு நுண்ணறிவை அளக்கும் சோதனைகள் பலவும் நம்மைப் பற்றி நாமே சொல்வதை வைத்துத்தான் மதிப்பெண் போடுகின்றன; அதனால் பயிற்சிக்குப் பிறகு மதிப்பெண் கூடினாலும் திறன் கூடியது என்று சொல்லிவிட முடியாது.