சுகர், பிபி உள்ள அப்பாவை வெள்ளியங்கிரிக்குக் கூட்டிப் போகலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 58 வயது. பத்து வருடமாகச் சுகர், ஐந்து வருடமாக பிபி. சுகருக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை, பிபிக்கு டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை. பனியன் கம்பெனியில் சூபர்வைசர் என்பதால் நாள் முழுக்க நின்றுகொண்டே இருப்பார், காலையில் அரை மணி நேரம் நடப்பார். இளவயதில் இரண்டு தடவை வெள்ளியங்கிரி ஏறியிருக்கிறார். வரும் சிவராத்திரிக்கு விரதம் இருந்து, செருப்பில்லாமல் ஏறப்போவதாகச் சொல்கிறார். "ஏறிப் பழகின மலைதானே" என்கிறார். கூட்டிப் போகலாமா? இப்போது நவம்பர், என்ன தயாரிப்பு செய்யலாம்? (திருப்பூர் வாசகர்)

பதில்: போகலாமா வேண்டாமா என்பதை இன்று முடிவு செய்ய வேண்டாம். ஜனவரி கடைசியில் செய்யுங்கள். அதற்குள் ஒரு டாக்டரும் சில ஆயிரம் படிகளும் உங்களுக்குப் பதில் சொல்லிவிடும். ஆனால் அவர் திட்டத்தில் மூன்று விஷயங்களை இப்போதே மாற்றியாக வேண்டும்: சிவராத்திரி, விரதம், வெறுங்கால்.

முதலில் மலையைப் பற்றி. கோவைக்குப் பக்கத்தில், அடுத்தடுத்து ஏழு மலைகளை ஏறிச் சிவனைக் கும்பிடப் போகும் இடம் வெள்ளியங்கிரி. பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழாவது மலை வரை ஒரு வழிக்குச் சுமார் ஆறு கிலோமீட்டர். "ஆறுதானே, தினமும் நடக்கிறேனே" என்று பலர் ஏமாறுவது இங்கேதான். அந்த ஆறு கிலோமீட்டருக்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம் ஏறுகிறீர்கள். ஒரு மாடிக்கு மூன்று மீட்டர் என்று வைத்தால் முந்நூறு மாடிக்கு மேல். ஏறி இறங்க எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் ஆகலாம். உச்சி ஏறக்குறைய ஆறாயிரம் அடி என்பார்கள். அந்த உயரத்தில் ஆக்சிஜன் குறைவால் பொதுவாகப் பெரிய ஆபத்து வருவதில்லை. உழைப்பும் தூக்கமின்மையும் வெறும் வயிறும் ஒன்றாகச் சேர்வதுதான் ஆளைச் சாய்க்கிறது.

2024 சீசனில் ஏறும்போது மயங்கி விழுந்து இறந்தவர்கள் ஒருவர் இருவர் அல்ல. அதில் முப்பதுகளில் இருந்தவரும் உண்டு. இதயநோய், ரத்த அழுத்தம், சர்க்கரை, மூச்சுத்திணறல் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை அறிவுறுத்துகிறது. உங்கள் அப்பா அந்தப் பட்டியலில் இருக்கிறார். எந்தப் பரிசோதனையும் இல்லாமல் வந்து இறங்கும் கூட்டத்துக்கு அது சரியான அறிவுரை. டாக்டர் முழுதாகப் பார்த்து, மூன்று மாதம் பயிற்சியும் எடுத்த ஒருவருக்குக் கணக்கு கொஞ்சம் மாறலாம் என்பது என் கருத்து. ஆனால் அடிவாரத்தில் வனத்துறை ஊழியர் திருப்பி அனுப்பினால் வாக்குவாதம் செய்யாமல் திரும்பிவிடுங்கள். மேலே ஒருவர் விழுந்தால் வண்டி போகாது. டோலி கட்டி, ஆட்கள் தோளில் சுமந்து, அந்தப் படிகளிலேயே இறங்க வேண்டும். ஐந்தாவது மலை என்றால் அதற்கே மணிக்கணக்கில் ஆகும்.

இனி டாக்டர். "இசிஜி எடுத்தோம், நார்மல்" என்பதோடு நிறுத்த வேண்டாம். படுத்த நிலையில் எடுக்கும் இசிஜி, உழைக்கும்போது இதயம் என்ன செய்யும் என்று சொல்லாது. இதய ஸ்கேனான எக்கோவும், டிஎம்டி எனப்படும் டிரெட்மில் டெஸ்டும் தேவையா என்று இதய மருத்துவரிடம் கேளுங்கள். பத்து வருடச் சுகர், கூடவே பிபி, வயது 58 என்றால் பெரும்பாலும் தேவை என்பார். டிஎம்டி நன்றாக வந்தாலும் அது முழு உத்தரவாதம் அல்ல, அபாயம் குறைவு என்றுதான் அர்த்தம். மூன்று மாதச் சராசரி சுகரான எச்பிஏ1சி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், பாத உணர்வுப் பரிசோதனை, கண் விழித்திரைப் பரிசோதனை இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விழித்திரையில் புதிய ரத்தக்குழாய்கள் முளைத்திருந்தால் மூச்சைப் பிடித்து முக்கி ஏறுவது கண்ணுக்குள் ரத்தக் கசிவை உண்டாக்கலாம். இது பலருக்குத் தெரிவதே இல்லை.

நான் அதிகம் கவலைப்படுவது அவருடைய மாத்திரைகளைப் பற்றி. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவருக்கு உழைப்பால் சுகர் ஆபத்தாக இறங்குவது அபூர்வம். கிளிமிபிரைடு அப்படியல்ல. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும். மாத்திரையை விழுங்கிவிட்டு, விரதம் என்று வெறும் வயிற்றோடு ஏழெட்டு மணி நேரம் ஏறினால் சுகர் 70க்குக் கீழே போவது ரொம்ப எளிது. நடுராத்திரியில் கை நடுக்கம், தடுமாற்றம், சம்பந்தமில்லாத கோபம் என்று அது வெளிப்படும்போது கூட வருகிறவர்கள் "களைப்பு" என்று நினைத்துக்கொள்வார்கள்.

பிபி மாத்திரையில் உள்ள ஹைட்ரோகுளோரோதயசைடு சிறுநீரைப் பெருக்கும். வியர்வையும் சேர்ந்தால் உடம்பில் நீர் வேகமாக வற்றும். அந்த நிலையில் முழங்கால் வலிக்கு ஒரு டைக்ளோஃபெனாக் போட்டுக்கொண்டால் டெல்மிசார்டன், நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தைப் பதம் பார்த்துவிடும். மலையில் பாக்கெட்டிலிருந்து வலி மாத்திரை எடுத்து நீட்டும் அன்பர்கள் நிறைய. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தாங்காவிட்டால் பாராசிட்டமால் போதும்.

இதையெல்லாம் படித்துவிட்டு நீங்களாகவே எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் தெளிவாக இப்படிக் கேளுங்கள்: "ஏறும் நாளும் அதற்கு முந்தின இரவும் கிளிமிபிரைடைக் குறைக்கவா, விடவா? நீர் மாத்திரையை என்ன செய்ய?" அவர் சொல்வதைக் காகிதத்தில் எழுதி வாங்குங்கள். இடையில் மாத்திரையை மாற்றி டாபாகிளிஃப்ளோசின் போன்ற ஒன்றைக் கொடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். பட்டினியும் கடும் உழைப்பும் சேர்ந்தால் அந்த வகை மாத்திரையில் ரத்தத்தில் அமிலம் ஏறும் அபாயம் உண்டு, முன்கூட்டியே நிறுத்த வேண்டியிருக்கலாம்.

டாக்டர் சரி என்று சொன்னால் அப்புறம் படிகள். அரை மணி நேர நடை நல்லதுதான், ஆனால் மலைக்கு அது போதாது. வாரம் மூன்று நாள் படி ஏறட்டும். வீட்டு மாடிப்படியிலோ அப்பார்ட்மெண்டிலோ பத்து நிமிடத்தில் ஆரம்பித்து, வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டினால் ஜனவரியில் முக்கால் மணி நேரத்தைத் தாண்டியிருப்பார். இறங்குவதையும் பயிற்சியாகவே வைத்துக்கொள்ளுங்கள், லிஃப்டில் இறங்கக் கூடாது. ஏறும்போது இதயத்துக்கு வேலை என்றால் இறங்கும்போது தொடைக்கு வேலை. ஒவ்வொரு படியிலும் தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்குகிறது. பழக்கமில்லாத தொடை, திரும்பும் வழியில் மூன்றாவது மலைக்கு வருவதற்குள் வெடவெடக்க ஆரம்பிக்கும். ஏறும்போது விழுபவரைவிட இறங்கும்போது கால் பிசகி விழுபவர்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. சில வாரம் இறங்கிப் பழகினாலே தசை நன்றாகத் தயாராகிவிடும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உண்மையான மலை வேண்டும். உங்களுக்குச் சென்னிமலை பக்கம்தானே, 1,320 படி. டிசம்பர் கடைசியில் ஒரே காலையில் ஒரு தடவை ஏறி இறங்கட்டும், ஜனவரி கடைசியில் இரண்டு தடவை. இதுதான் என் பரீட்சை. இரண்டாவது தடவையும் நெஞ்சில் எந்தத் தொந்தரவும் இல்லாமல், பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்காமல் முடித்து, மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனார் என்றால் வெள்ளியங்கிரி பற்றிப் பேசலாம். முடியவில்லை என்றால் அடுத்த சீசன். அந்தப் பயிற்சிகளின்போது முன்னும் நடுவிலும் பின்னும் குளுக்கோமீட்டரில் சுகர் பாருங்கள். அவர் உடம்பில் ஒரு மணி நேர ஏற்றத்துக்கு எவ்வளவு இறங்குகிறது என்று உங்களுக்கே பிடிபட்டுவிடும். எந்தப் புத்தகமும் தர முடியாத தகவல் அது.

நாளைப் பற்றி: சிவராத்திரி, சித்ரா பௌர்ணமி, சீசனின் சனி ஞாயிறு எல்லாம் வேண்டாம். கூட்டத்தில் பின்னால் இருப்பவர் தள்ளத் தள்ள ஏற வேண்டியிருக்கும், படியில் உட்காரவும் இடம் கிடைக்காது. பிப்ரவரி கடைசியில் ஒரு வாரநாள் பாருங்கள். ஏப்ரல், மே வெயில் அவருக்கு ஆகாது. வேலை முடித்து, ராத்திரி பஸ் பிடித்து, அடிவாரத்தில் இறங்கிய கையோடு ஏறத் தொடங்குவதுதான் பலரின் வழக்கம். அந்தத் தவறைச் செய்யாதீர்கள். முந்தின நாள் மதியமே போய்ச் சேர்ந்து, சாப்பிட்டு, ஆறு மணி நேரமாவது தூங்கிவிட்டு, வனத்துறை அனுமதிக்கும் நேரத்தில் விடியலுக்கு முன் கிளம்புங்கள்.

விரதம் பற்றி அவரோடு நீங்கள் பேசித்தான் ஆக வேண்டும். மலைக்கு முந்தின வாரங்களில் அசைவம் தவிர்ப்பது போன்ற விரதங்களை அவர் தாராளமாக இருக்கலாம். ஏறும் அன்று மட்டும் பட்டினி கூடாது. கிளம்புமுன் இரண்டு இட்லி, வழியில் முக்கால் மணிக்கு ஒரு தடவை ஒரு வாழைப்பழமோ நாலைந்து பேரீச்சம்பழமோ. கிளம்பும்போது சுகர் 90க்குக் கீழே இருந்தால் சாப்பிட்டுக் கால் மணி பொறுத்து மறுபடி பாருங்கள். 250க்கு மேல் இருந்து உடம்பும் சரியில்லை என்றால் அன்றைக்கு அடிவாரக் கோயிலோடு திரும்பிவிடுங்கள். வழியில் 70க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், கால் மணியில் மறுபடி பாருங்கள். சர்க்கரைப் பொட்டலம் உங்கள் பையில் மட்டும் இருந்தால் போதாது, அவர் சட்டைப் பையிலும் இருக்கட்டும். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் உங்கள் பை அவருக்கு உதவாது.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் அளவில், தாகத்தைப் பார்த்துக் குடிக்கட்டும். வழியில் சுனைகள் இருப்பதால் ஒரு லிட்டர் பாட்டில் ஒன்று போதும். பிளாஸ்டிக் சோதனை இருக்கும், ஸ்டீல் பாட்டிலாகக் கொண்டுபோங்கள். வழியெல்லாம் குடிக்கும் தண்ணீரில் ஒன்றிரண்டு லிட்டருக்கு ஓஆர்எஸ் கலந்துகொள்ளலாம். "சுகர்காரருக்கு ஓஆர்எஸ் ஆகாது" என்று சொல்வார்கள். உலக சுகாதார அமைப்பின் அளவுப்படி ஒரு லிட்டரில் இருப்பது 13.5 கிராம் குளுக்கோஸ்தான், ஏறுகிற காலுக்கு அது எரிந்துபோகும். பழ ருசியில் டெட்ரா பேக்கில் வருபவை வேறு, அவற்றில் சர்க்கரை பல மடங்கு.

வெறுங்கால் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பத்து வருடச் சுகரில் பாத உணர்வு குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். கல் குத்தியதே தெரியாமல் ஏறி, வீட்டுக்கு வந்து பாதத்தில் ரத்தம் பார்த்து, ஒரு மாதம் கழித்து ஆறாத புண்ணோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பயிற்சியில் போட்டுப் பழகிய ஷூவோடு ஏறட்டும், சன்னிதியில் கழற்றிக்கொள்ளட்டும். அடிவாரத்தில் விற்கும் மூங்கில் தடியை மறக்காமல் வாங்குங்கள், அவர் நெஞ்சு உயரத்துக்கு இருக்கட்டும்.

ஏறும்போது முதல் மலைதான் மோசம். செங்குத்தான கல்படி, உடம்பு இன்னும் சூடேறவில்லை, உற்சாகமோ உச்சத்தில். அங்கே அவர் வேண்டுமென்றே மெதுவாகப் போக வேண்டும், கூட வந்தவர்கள் எல்லாம் முந்திப் போனாலும் போகட்டும். வேகத்துக்கு ஒரே அளவு: "நமச்சிவாய" என்று தொடர்ந்து நாலைந்து தடவை மூச்சு முறியாமல் சொல்ல முடிய வேண்டும். முடியவில்லையா, நின்றுவிடுங்கள். வேகத்தைத் தீர்மானிப்பது அவராகவே இருக்கட்டும், நீங்கள் அவருக்குப் பின்னால் வாருங்கள்.

ஆறாவது மலையில் ஆண்டி சுனை. எல்லோரும் முங்கிக் குளிப்பார்கள். வியர்த்து விறுவிறுத்து வந்த உடம்பு பனி போன்ற தண்ணீரில் இறங்கினால் ரத்தக்குழாய்கள் சட்டெனச் சுருங்கி பிபியும் இதயத்தின் சுமையும் ஒரே நொடியில் எகிறும். உங்கள் அப்பா முகம் கை கால் கழுவி, தலையில் தெளித்துக்கொண்டால் போதும். பனியனை மாற்ற ஒரு காய்ந்த சட்டையும் குல்லாவும் வேண்டும், மேலே காற்று பலமாக இருக்கும்.

திரும்ப வேண்டிய அறிகுறிகளை முன்பே பேசி வையுங்கள். நெஞ்சில் அழுத்தம், தாடையிலோ கையிலோ பரவும் வலி எல்லோருக்கும் தெரிந்தவை. சுகர் உள்ளவர்களுக்கு மாரடைப்பு வலியே இல்லாமலும் வரும். திடீர் மூச்சிரைப்பு, காரணமில்லாத குளிர் வியர்வை, குமட்டல், "கேஸ் மாதிரி இருக்குப்பா" என்ற ஒரு வார்த்தை, இவை போதும். சோடா, ஜெலுசில் என்று நேரத்தைக் கழிக்காமல் உட்கார வைத்து, டோலிக்கும் 108க்கும் சொல்லி அனுப்புங்கள். சிக்னல் கிடைக்காவிட்டால் இறங்கும் ஆளிடம் சொல்லுங்கள். அலர்ஜியோ ரத்தக் கசிவோ இல்லாதவர் என்று டாக்டர் முன்பே ஒப்புக்கொண்டிருந்தால் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் செய்யலாம். கொஞ்சம் தேறியதும் "மேலேயே போயிடலாம்" என்பார், கேட்காதீர்கள். அதோடு, போகுமுன் நீங்கள், இதயம் நின்றவருக்குச் செய்யும் முதலுதவியான சிபிஆர் கற்றுக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு நெஞ்சை அழுத்துவது. ஒரு மதிய நேரத்தில் கற்றுவிடலாம்.

இன்னொன்று. நீண்ட உழைப்புக்குப் பின் ஒரு நாள் வரை சுகர் இறங்க வாய்ப்பு உண்டு. வீட்டுக்கு வந்த ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிடாமல் பாருங்கள், படுக்குமுன் ஒருமுறையும் விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பி ஒருமுறையும் சுகர் பாருங்கள். அன்று இரவு கிளிமிபிரைடு உண்டா என்பதும் டாக்டரின் காகிதத்தில் இருக்க வேண்டும்.