பகடை உருட்டும் முன்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: நாங்கள் ஐந்து நண்பர்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதை சொல்லி ஆடும் பகடை விளையாட்டு) ஆட ஆசை. புத்தகம், பகடை எல்லாம் பார்த்தால் பட்ஜெட் இடிக்கிறது. எதில் தொடங்கலாம்? (வாசகர், திருச்சி)

முதல் மாதம் எதையும் வாங்க வேண்டாம். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிகளின் மையப்பகுதி, எஸ்ஆர்டி 5.1 என்ற பெயரில் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது. பிடிஎஃப் இலவசம். ஒருவர் டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்துபவர். மற்ற நால்வரும் ஆளுக்கொரு கேரக்டர்.

வழக்கமான செட்டில் ஏழு பகடைகள் இருக்கும்: 4, 6, 8, 12, 20 முகங்களில் ஒவ்வொன்று, பத்து முகத்தில் இரண்டு. ஆறு முகப் பகடை வீட்டு லூடோ பெட்டியிலேயே கிடைக்கும். இருபது முகத்துக்கு 1 முதல் 20 வரை சீட்டெழுதி டப்பாவில் போட்டுக் குலுக்கலாம். எடுத்த சீட்டை ஒவ்வொரு முறையும் திரும்பப் போட்டுவிட வேண்டும். போடாவிட்டால், எந்த எண் இன்னும் வரவில்லை என்று மேஜையில் யாராவது ஒருவர் எண்ணத் தொடங்கிவிடுவார்.

கேள்வி: முதல் செஷன். நான்கு கேரக்டர்கள், எல்லாரும் முதல் லெவல். சமமாக இருக்கட்டும் என்று நான்கு காப்ளின்களை (குட்டி அரக்கர்களை) விட்டேன். இரண்டாவது ரவுண்டிலேயே விஸார்டும் (மந்திரவாதி) ரோகும் (திருடன்) விழுந்துவிட்டார்கள். எங்கே தப்பு? (வாசகர், கோவை)

‘ஆளுக்கு ஒன்று’ என்ற கணக்கில்தான். 2014 விதிப்படி ஒரு காப்ளினுக்கு 50 எக்ஸ்பி, அதாவது அனுபவப் புள்ளி. நான்குக்கு 200. ஆனால் மூன்று முதல் ஆறு எதிரிகள் சேர்ந்து வந்தால் சண்டையின் கடினத்தை அளக்க இதை இரண்டால் பெருக்க வேண்டும்: 400. முதல் லெவல் கேரக்டர் நால்வருக்கு ‘டெட்லி’ என்ற உச்ச நிலை தொடங்குவதே 400இல்தான். நீங்கள் சமமாக வைக்கவில்லை, எமனுக்கே ஓலை அனுப்பியிருக்கிறீர்கள். (பெருக்கிய தொகை அளவிட மட்டும்தான். ஜெயித்தால் 200ஐத்தான் நால்வருக்கும் பிரிக்க வேண்டும்.)

உடம்பில் விழும் அடியை வைத்துப் பாருங்கள். காப்ளின் அடித்தால் 1டி6+2 (ஆறு முகப் பகடை ஒன்று, கூட 2), சராசரி 5.5. கான்ஸ்டிட்யூஷன் (உடல் வலு) 14 உள்ள விஸார்டுக்கு மொத்தமே 8 ஹெச்பி (உயிர்ப் புள்ளி). இரண்டு அம்பு பட்டால் சராசரியாக 11 போய்விடும். அவருடைய ஆர்மர் கிளாஸ், அதாவது அவர்மேல் அடி பட எட்ட வேண்டிய எண், 12 என்றால் இருபது முகப் பகடையில் 8 விழுந்தாலே போதும், காப்ளினின் +4 சேர்ந்து 12 ஆகிவிடும். நூற்றுக்கு 65 அம்பு படும். இதில் காப்ளின்கள் புதரிலிருந்து பாய்ந்து வந்தால் முதல் ரவுண்டு முழுக்க அவற்றுக்கு இலவசம்.

இரண்டு காப்ளின்கள் என்றால் பெருக்கல் ஒன்றரை, மொத்தம் 150. இது ‘ஈஸி’. மூன்று என்றால் 300, ‘ஹார்ட்’. முதல் சண்டைக்கு இரண்டு போதும். மற்ற இரண்டும் கதைக்கு வேண்டும் என்றால் முதல் ஜோடி விழுந்தபின் கொம்பூதும் சத்தத்தோடு வரட்டும். பாதி ஹெச்பி இழந்த காப்ளின் ஓடிப்போகட்டும். உயிருக்கு அஞ்சாத காப்ளினை நம்புவது கொஞ்சம் கஷ்டம்தான்.

கேள்வி: எங்கள் குழு ஒருமுறைகூட காவலுக்குத் தெரியாமல் உள்ளே போனதில்லை. பகடைக்கு எங்கள்மேல் கோபமா? (வாசகர், யாழ்ப்பாணம்)

கோபம் பகடைக்கு இல்லை, கேட்கும் முறையில்தான் கோளாறு. சாதாரணக் காவலாளியின் பாசிவ் பெர்செப்ஷன் (உருட்டாமலே கவனிக்கும் திறன்) 12. உங்கள் நால்வருக்கும் ஸ்டெல்த் (பதுங்கும் திறன்) +2 என்று வைப்போம். 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும்; தனியாளுக்கு 55 சதவீத வாய்ப்பு. ‘ஒருவர் சிக்கினாலும் எல்லாரும் சிக்கினீர்கள்’ என்று உங்கள் டிஎம் வைத்திருந்தால் நால்வரும் தப்பும் வாய்ப்பு 9 சதவீதம்தான். செயின் மெயில் (இரும்பு வளையக் கவசம்) போட்ட ஃபைட்டர் (போர்வீரர்) இருமுறை உருட்டிச் சிறியதை எடுக்க வேண்டும். அவருடைய 55 சதவீதம் 30 ஆகிவிடும். அவரையும் கூட்டிக்கொண்டு பூனை நடை போடுவது பாத்திரக்கடையைத் தலையில் சுமந்து போவது மாதிரி.

விதிப்புத்தகத்திலேயே குரூப் செக் என்று ஒன்று உண்டு. எல்லாரும் உருட்டுவார்கள், பாதிப் பேர் தேறினால் குழுவே தேறியது. அதே நால்வரும் 55 சதவீதத்தோடு உருட்டினால் வாய்ப்பு 9இலிருந்து 76க்கு ஏறும்.

இதையும் கெடுக்க ஒரு வழி இருக்கிறது. மதிலுக்கு ஒரு ரோல், முற்றத்துக்கு ஒரு ரோல், கதவுக்கு ஒரு ரோல் என்று கேட்டால் 76 சதவீதம் மூன்றாவது ரோலில் 44 ஆகிவிடும். ஒருமுறை உருட்டியது நிலைமை மாறும்வரை செல்லும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கொலைத் துப்பு மேஜை டிராயரில் இருந்தது. யாரும் 15 உருட்டவில்லை. ஒரு மணி நேரம் அப்படியே நின்றுவிட்டோம். (வாசகர், மதுரை)

கதை நகரக் கட்டாயம் வேண்டிய துப்புக்குப் பகடை கேட்கக் கூடாது. டிராயரைத் திறந்தால் கடிதம் கையில் கிடைக்கட்டும். யாராவது வருவதற்குள் கிடைக்கிறதா, கலைத்த தடம் தெரியாமல் திரும்ப வைக்க முடிகிறதா, இவற்றுக்கு 15 கேளுங்கள்.

கண்டுபிடிக்க வேண்டிய ஒவ்வோர் உண்மைக்கும் மூன்று துப்பு வையுங்கள். கொன்றவன் மில் கணக்குப்பிள்ளை என்றால்: கடிதத்தில் ஒட்டிய மாவு, பேரேட்டில் கிழிந்த ஒரு பக்கம், இரவில் விளக்கு எரிந்ததைப் பார்த்த வண்டிக்காரர். ஒன்றைத் தவறவிடுவார்கள், இன்னொன்றுக்குத் தப்பர்த்தம் செய்வார்கள், மூன்றாவது கைகொடுக்கும்.

கேள்வி: தமிழில் பேசி ஆட முடியுமா? (வாசகர், சேலம்)

தாராளமாக. இனிஷியேட்டிவ் (சண்டையில் யார் முதலில் என்பது), சேவிங் த்ரோ (ஆபத்திலிருந்து தப்ப உருட்டுவது) போன்றவற்றை மொழிபெயர்க்க மெனக்கெட வேண்டாம். கேரக்டர் ஷீட்டில் உள்ள சொல்லையே சொல்லுங்கள், வேகம் குறையாது. கதை தமிழில் ஓடட்டும். நமக்கு ஒரு வசதி உண்டு. சத்திரக்காரர் “வாங்க, உக்காருங்க” என்கிறார். வாளில் ரத்தத்தைப் பார்த்ததும் “உனக்கு என்ன வேணும்?” என்கிறார். அவர் மனசு மாறியது ரோல் இல்லாமலே எல்லாருக்கும் புரிந்துவிடும்.

ஒரு சிக்கலும் உண்டு. “நீங்க என்ன செய்றீங்க?” என்று டிஎம் கேட்டால் அது ஒருவருக்கான மரியாதையா, நால்வருக்கும் பொதுவா? வாய் முந்துகிறவர்தான் பதில் சொல்வார், மற்றவர்கள் போனை எடுப்பார்கள். முதலில் கேரக்டர் பெயர், அப்புறம் கேள்வி.