2021இல் கோடு சரிவது ஏன்?

அமெரிக்காவில் துப்பாக்கிக் கொலை 2021இல் சட்டென்று குறைந்ததாக, எஃப்.பி.ஐ. (அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பு) கணக்கை வைத்து நீங்கள் போட்ட வரைபடம் காட்டுகிறதே, அது தரவில் விழுந்த ஓட்டை. அந்த ஆண்டு எஃப்.பி.ஐ. போலீஸ் மொத்த எண்ணிக்கையை மட்டும் அனுப்பும் பழைய தொகுப்பு முறையைக் கைவிட்டு, ஒவ்வொரு குற்றத்தையும் தனித்தனியாகப் பதியும் சம்பவவாரியான முறைக்கு முழுதாக மாறியது. நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் உட்படப் பலர் கணக்கே அனுப்பவில்லை. வந்ததை மட்டும் கூட்டினால் கோடு விழத்தான் செய்யும்.

கொலைக்கு இறப்புச் சான்றிதழ் தரவை எடுங்கள்: அதில் துப்பாக்கிக் கொலையைக் குறிப்பவை, 1999 முதல் எக்ஸ்93, எக்ஸ்94, எக்ஸ்95 என்ற இறப்புக் காரணக் குறியீடுகள்; 1979 முதல் 1998 வரை இ965.0 முதல் இ965.4 வரை. இ965 மொத்தத்தையும் அள்ளினால் வெடிகுண்டுச் சாவும் கலந்துவிடும், கவனம். பிறகு லட்சம் பேருக்கு எத்தனை என்று மாற்றுங்கள்.

வழிப்பறி, தாக்குதலுக்குக் வீடுகளில் உள்ளவர்களிடம் நேரடியாகக் கேட்டு எடுக்கும் தேசியக் குற்றப் பாதிப்புக் கணக்கெடுப்புதான் நல்லது. போலீசுக்குப் போகாததும் அதில் வரும். பாதிக்கப்பட்டவரிடமே கேட்பதால் கொலை வராது. 1992இல் இந்தக் கணக்கெடுப்பின் கேள்விகள் மாறியதால் 1993இலிருந்து தொடங்குங்கள்.