ஃப்ளோர்டாபிரின்ஸ் பீச்: கொடைக்கானல் மேல்மலைக்கு ஒத்துவருமா?

கேள்வி: பூம்பாறைப் பக்கம் ஒரு ஏக்கர் இருக்கிறது. இதுவரை கேரட், உருளைதான். இப்போது பீச் வைக்க ஆசை. ஃப்ளோர்டாபிரின்ஸ் ஒட்டுக்கன்று கிடைக்கிறது. பழம் சிறுத்துப் போகும் என்கிறார்களே, நடலாமா?

பதில்: நடலாம். ஆனால் ஏக்கர் முழுக்க வேண்டாம். முதலில் பத்துப் பதினைந்து கன்று வைத்துப் பாருங்கள்.

பீச் மரம் இலை உதிர்த்து உறங்கி எழுவதற்கு, சுமார் 7 டிகிரிக்குக் கீழான குளிர் இத்தனை மணி நேரம் வேண்டும் என்று ரகத்துக்கு ரகம் ஒரு கணக்கு உண்டு. இமாச்சலத்தில் பேர்போன ஜூலை எல்பெர்ட்டா ரகத்துக்கு நம் மலைக் குளிர் பற்றாது. மொட்டுகள் அரையும் குறையுமாக விழிக்கும், கொப்பு மொட்டையாகவே நிற்கும். ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் 1982இல் வெளியிட்ட ஃப்ளோர்டாபிரின்ஸுக்கு 150 மணி நேரம் போதும். பஞ்சாப் சமவெளியிலேயே காய்க்கிறது.

சிக்கலும் அங்கேதான். குளிர்க்கணக்கு சீக்கிரம் முடிவதால் பனிக்காலம் தீரும் முன்னே பூத்துவிடும். விடியற்காலையில் உறைபனியால் புல் வெள்ளை பூத்துக் கிடக்கும் பள்ளத்தில் வைத்தால் பூ கருகிவிடும். சரிவு நிலம்தான் சரி. தண்ணீர் தேங்கினாலும் பீச் தாங்காது.

பழம் சிறுப்பதில் ரகத்தின் பங்கு பாதி, பிஞ்சைக் கிள்ள நமக்கு மனசு வராதது மீதி. பூத்த ஏறக்குறைய 80 நாளில் பழுத்துவிடும் ரகம் இது, பழம் பருக்க அவகாசமே இல்லை. உள்ளே கொட்டை கெட்டியாகும் முன், கொப்பில் சாணுக்கு ஒரு பிஞ்சு விட்டு மற்றதைக் கிள்ளிப் போடுங்கள். கொட்டை இறுகிய பிறகு கிள்ளினால் பெரிய பலன் இல்லை. போன வருடக் கொப்பில்தான் காய்க்கும் என்பதால் வருடாவருடம் கவாத்தும் (கொப்பு வெட்டுவதும்) கட்டாயம். மகரந்தத்துக்கு வேறு ரகம் தேவையில்லை.

பறிக்கும்போது சிவப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். காயாக இருக்கும்போதே முக்கால்வாசி சிவந்துவிடும். காம்படியில் பச்சை மாறி மஞ்சள் தட்டியதா என்று பாருங்கள். நன்றாகப் பழுத்தால்தான் சதை கொட்டையை விடும். அதற்குள் பழம் கொழகொழவென்று ஆகிவிடும். அதனால் சென்னைக்கு ஏற்றுவதை மறந்துவிட்டு, ஏப்ரல், மே சுற்றுலாக் கூட்டத்திடம் உள்ளூரிலேயே விற்பதுதான் லாபம். பிளம்ஸ் குவிவதற்குள் சந்தைக்கு வருவதுதான் இதன் பெரிய பலம்.

அப்புறம், கேரட், உருளை போட்ட மண் என்கிறீர்கள். வேரைத் தாக்கும் நூற்புழு இருக்கிறதா என்று சோதித்துவிட்டு, நர்சரிக்காரரிடம் எந்த வேர்ச்செடியில் (ஒட்டுக்கு அடியில் வேராக இருக்கும் செடி) ஒட்டியது, அது நூற்புழுவைத் தாங்குமா என்றும் கேட்டுக்கொண்டு கன்றுக்கு முன்பணம் கொடுங்கள்.