சங்கத்தில் சேரும் முன் பாஸ் புத்தகத்தைப் பாருங்கள்

கேள்வி: பவானி பக்கம் ஒரு கிராமம். நானும் என் ஓரகத்தியும் 11 வருஷமாகக் குழித்தறியில் ஜமக்காளம் நெய்கிறோம். தனியார் முதலாளியிடம் 25,000 ரூபாய் முன்பணம் நிற்கிறது. கூலி வாராவாரம் கைக்கு வந்துவிடும். நெசவாளர் கூட்டுறவு சங்கத்தில் என் வீட்டுக்காரர் உறுப்பினர். ஆனால் அவர் திருப்பூர் வேலைக்குப் போய் வருஷக்கணக்காகிறது. நாங்கள் சங்கத்து வேலைக்கு மாறலாமா?

பதில்: மாறலாம், சகோதரி. ஆனால் அவர் பெயரில் வேண்டாம், உங்கள் பெயரில் மாறுங்கள்.

2019-20 கைத்தறிக் கணக்கெடுப்புப்படி நாட்டில் நெசவிலும் அதன் துணை வேலைகளிலும் இருப்பவர்கள் 35 லட்சத்துக்கு மேல். அதில் 25 லட்சத்துக்கு மேல் பெண்கள். ஆனால் நான் பார்த்த பல வீடுகளில் தறிக்குழியில் காலை விட்டிருப்பது மனைவி, சங்கம் நூலையும் கூலியையும் பதிந்து தரும் பாஸ் புத்தகத்தில் இருப்பது கணவர் பெயர். கூலியில் சேமிப்புக்குப் பிடிக்கும் தொகையும் அரசு சேர்க்கும் பங்கும் அந்தப் பெயருக்குத்தான் ஏறும். நாளைக்கு ஓய்வூதியம், கடன் என்று போய் நின்றாலும் 'நீங்கள்தான் நெய்தீர்களா?' என்ற கேள்விக்குக் காட்ட உங்களிடம் ஒரு காகிதமும் இருக்காது.

முதலில் உங்களுக்கும் ஓரகத்திக்கும் தனித்தனியாக உறுப்பினர் விண்ணப்பம் கொடுங்கள். வாங்க மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதத்தோடு ஈரோடு கைத்தறித் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். உங்கள் உறுப்பினர் எண் வந்த பிறகு கணவர் கணக்கை முடித்தால் போதும். பங்குத்தொகையையும் சேமிப்பையும் சங்கத்திலேயே விட்டுவிட்டு வராதீர்கள்.

அகல ஜமக்காளத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவை நீங்கள் தள்ள, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் வாங்கித் திருப்பித் தள்ளுகிறார். கூலியோ ஒரே உறுப்பினர் எண்ணில் ஏறும். ஒரு ஜமக்காளம் உங்கள் பெயரில், அடுத்தது அவர் பெயரில் என்று மாற்றி மாற்றிப் பதியச் சொல்லிக் கேளுங்கள். வீட்டுக்குள் கசப்பு வராமல் இருக்க எனக்குத் தெரிந்த எளிய வழி இதுதான்.

கூலியை ஒப்பிடும்போது ஒரு ஜமக்காளத்துக்கு எவ்வளவு என்று மட்டும் பார்க்காதீர்கள். பாவு, அதாவது நீள நூல், பிணைத்த நாளிலிருந்து துணியை ஒப்படைத்த நாள்வரை எண்ணி, வந்த பணத்தை அந்த நாட்களால் வகுங்கள். மாமியார் சாயங்காலம் உட்கார்ந்து நாடாவுக்கான நூலைத் தாராகச் சுற்றுகிறாரே, அந்த நேரத்தையும் சேருங்கள். சங்கம், முதலாளி இரண்டு தரப்புக் கணக்கிலும் பெரும்பாலும் விட்டுப்போவது அதுதான்.

சங்கம் உயிரோடு இருக்கிறதா என்பதை விசாரிக்காமல் இறங்க வேண்டாம். விசைத்தறி விரிப்புகள் 'பவானி ஜமக்காளம்' என்ற பெயரிலேயே மலிவாக விற்கின்றன. புவிசார் குறியீடு இருந்தும் அது நிற்கவில்லை. கிடங்கில் சரக்கு தேங்கினால் சங்கம் நூல் கொடுப்பதைக் குறைத்துவிடும். ஆகவே அங்கே இப்போது நெய்யும் ஒரு பெண்ணிடம் பாஸ் புத்தகத்தை வாங்கிக் கடைசி இரண்டு பக்கங்களைப் பாருங்கள். நூல் எந்தெந்தத் தேதியில் கொடுத்தார்கள், துணி கொடுத்து எத்தனை நாளில் கூலி ஏறியது என்பதெல்லாம் அதில் இருக்கும். இடையில் மாதக்கணக்கில் வெற்றிடம் தெரிந்தால் உறுப்பினராக மட்டும் சேர்ந்துவிட்டு, முதலாளி வேலையைக் கொஞ்ச நாள் தொடருங்கள். வாரக்கூலியில் அடுப்பு எரியும் வீட்டில் அவசரப்பட முடியாது.

மின்சாரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவசம். உங்கள் இணைப்புக்கு அது கிடைக்கிறதா, யார் பெயரில் கிடைக்கிறது என்று பாருங்கள்.

முன்பணத்துக்குப் பயப்படாதீர்கள். கடன் கடன்தான், திருப்பித் தரலாம். ஆனால் 'அதை அடைக்கும்வரை வேறு யாருக்கும் நெய்யக்கூடாது' என்று தடுத்தால், 1976ஆம் ஆண்டு கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும். கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். நல்லபடியாக முடிவதாக இருந்தால் வாரம் இவ்வளவு என்று பேசிக் கழித்து வாருங்கள். பைசலானதும் 'பாக்கி இல்லை' என்று கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். முதலாளியின் நோட்டில் உங்கள் பெயர்மேல் ஒரு கோடு போட்டுக் காட்டினால் அதை நம்பி வந்துவிடாதீர்கள்.