வேகமா கட் பண்ண வீடியோ பார்த்தா கவனமும் யோசிக்கிறதும் கெட்டுப் போகுமா?

காட்பாடியில கல்யாண வீடியோ எடிட்டிங் பண்றேன், பதினோரு வருஷமா டைம்லைன் முன்னாடிதான் பொழப்பு. கவனம், யோசனை ரெண்டையும் ஒண்ணா சேர்த்து கேட்டிருக்கீங்க, ஆனா அது ரெண்டும் வேற வேறன்னு எனக்குப் புரிஞ்சதே ஒரு டியூஷன் வீடியோவாலதான்.

பத்தாவது பசங்களுக்கு கணக்கு எடுக்கிற சார் ஒருத்தர் கொரோனா சமயத்துல வீடியோ போட ஆரம்பிச்சாரு, எடிட்டிங் என்கிட்ட வந்துச்சு. போர்டுல கணக்க எழுதிட்டு "அடுத்தது என்ன வரும்?"னு கேட்டுட்டு எட்டு பத்து செகண்டு பேசாம நிப்பாரு. நான் அத்தனையும் வெட்டிட்டேன், மூச்சு விடுற இடம் கூட விடல, ஜம்ப் கட் (நடுவுல வெட்டி படம் சட்டுனு தாவுற மாதிரி ஒட்டுறது), நடுவுல ஜூம், கூடவே ஒரு சவுண்டு, நாப்பது நிமிஷ கிளாஸ் இருபத்தாறு நிமிஷமாச்சு. பசங்க கடைசி வரைக்கும் பார்த்தாங்க. ஆனா டெஸ்ட் வெச்சா வீடியோல பார்த்த அதே கணக்கு வரல. சார் கடைக்கே வந்துட்டாரு, "இன்னா தம்பி, நான் நின்ன இடத்தெல்லாம் காணோம்?"னாரு. சும்மா நிக்கிறதுதானே சார்னு சொன்னேன். "நான்தான் சும்மா நிக்கிறேன், பசங்க அப்பதான் மனசுல கணக்கு போட்டுப் பார்ப்பாங்க"ன்னாரு.

அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல. ஏன்னா ஒவ்வொரு கட்டும் கண்ணுக்கு எதிர்ல திடீர்னு ஒண்ணு அசையுற மாதிரி, நம்ம மூளை கேக்காமலே அந்தப் பக்கம் திரும்பும், அது பிறவியிலேயே இருக்கிற பழக்கம், புதர் அசைஞ்சா திரும்பிப் பாக்குறோமே அதேதான். ரெண்டு செகண்டுக்கு ஒரு கட் வெச்சா கண்ணு ஸ்கிரீனை விட்டு நகராது. ஆனா திரும்பித் திரும்பிப் பாக்குறதுலயே நேரம் போயிடுது, முன்னாடி பார்த்ததை அசை போட இடமில்ல.

யூரி ஹாசன்னு மூளையை ஆராய்ச்சி பண்றவரும் அவரோட குழுவும் 2008ல இதைப் பத்தி எழுதியிருக்காங்க. மூளையைப் படம் பிடிக்கிற ஸ்கேன்ல படுக்க வெச்சு ஆளுங்களுக்கு வீடியோ காட்டினப்போ, த்ரில்லர் பட டைரக்டர் ஹிட்ச்காக்கோட டிவி எபிசோடு ஒண்ணுக்கு மூளையோட மேற்பரப்புல சுமார் 65 சதவீதம் எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செஞ்சிருக்கு, எடிட் பண்ணாம ஒரே இடத்துல கேமராவ வெச்சு எடுத்த பார்க் வீடியோவுக்கு 5 சதவீதத்துக்கும் கம்மி. அதாவது எடிட்டர் இழுக்கிற பக்கம் மொத்த கூட்டமும் போகுது.

இதைப் படிச்சப்போ எனக்கு நம்ம ஊரு பாரதக் கூத்துதான் ஞாபகம் வந்துச்சு. அர்ஜுனன் தபசு அன்னிக்கு வேஷக்காரர் பாடிக்கிட்டே ஒவ்வொரு படியா தபசு மரம் ஏறுவாரு, மணிக்கணக்குல ஆகும், கட்டே கிடையாது. ஆனா ஒருத்தர் அவரையே பாப்பாரு, ஒருத்தர் மேல இருந்து எலுமிச்சம்பழம் எப்ப விழும்னு பாப்பாரு, எங்க அத்தை அந்தப் பழத்தைப் பிடிக்க கீழ மடி ஏந்தி நிக்கிற பொண்ணுங்க முகத்தையே பார்த்துட்டு இருப்பாங்க. அங்க எதைப் பாக்கணும்னு முடிவு பண்றது அவங்கவங்கதான். நான் அதையே நாப்பது செகண்டு ரீலா வெட்டிப் போட்டேன், வியூஸ் நல்லா வந்துச்சு, ஆனா எங்க அத்தை பார்த்த அந்த முகங்கள் அதுல ஒண்ணு கூட இல்ல.

குழந்தைங்க விஷயத்துல மட்டும் அவசரப்பட்டு கட் மேல பழி போடாதீங்க. 2011ல நாலு வயசு பசங்க 60 பேர வெச்சு ஒரு ஆய்வு நடந்துச்சு, 9 நிமிஷம் வேகமான கார்ட்டூன் பார்த்த பசங்க, படம் வரைஞ்ச பசங்கள விட அதுக்கப்புறம் கொடுத்த வேலைகள்ல தடுமாறினாங்க. ஆனா அதே ஆராய்ச்சியாளர் 2015ல வேற ஆளுங்களோட திரும்பச் செஞ்சு பார்த்தப்போ, வேகத்தை விட நிஜத்துல நடக்கவே நடக்காத சம்பவங்கள்தான் முக்கிய காரணம்னு வந்துச்சு. அதனால வேகமா வெட்டினா எல்லாமே விஷம்னு நான் சொல்லமாட்டேன், பாட்டுக்கும் சண்டைக்கும் வேகம் வேணும்.

பாடம் சொல்ற வீடியோ, ஒரு விஷயத்தை நம்ப வைக்கிற வீடியோ, இதுல மட்டும் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவுல எவ்வளவு நேரம் விட்டிருக்காங்கன்னு பாருங்க. விடலைன்னா நீங்களே பாஸ் பண்ணி யோசிச்சுட்டு மேல போங்க.

சாரோட வீடியோல இப்ப அந்த எட்டு செகண்டு அப்படியே இருக்கு. போர்டு மட்டும் தெரியும், மியூசிக் கிடையாது, ஜூம் கிடையாது. அந்த இடத்துல கொஞ்சம் பேர் வீடியோவ விட்டு வெளிய போயிடறாங்கன்னு, எத்தனை பேர் பாக்குறாங்கன்னு காட்டுற கிராஃப்ல தெரியுது, தெரிஞ்சேதான் வெச்சிருக்கோம்.