சாதுவான மீன் ஏன் குத்துகிறது?

கேள்வி: பாசி எடுக்கப் போய் திருக்கையை மிதித்துக் குத்து வாங்கியவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். 'திருக்கை சாதுவான மீன், தானாக வந்து ஒன்றும் செய்யாது' என்று சொல்பவர்களும் அவர்களேதான். சாது என்றால் எப்படிக் குத்தும்?
— வாசகி, சின்னப்பாலம்

பதில்: அவர்கள் சொல்வது உண்மைதான். திருக்கை நண்டும் சிப்பியும் தின்றுகொண்டு மணலுக்குள் புதைந்து கிடக்கும். ஆளைக் கண்டால் விலகத்தான் பார்க்கும். ஆனால் சாதுவாக இருப்பது வேறு, தீங்கு செய்ய வழியே இல்லாமல் இருப்பது வேறு. ஆயுதத்தை வைத்துக்கொண்டே அதை எடுக்காமல் இருக்கிற உயிர் சாது. அதை எடுக்க வைப்பது நம் கால்தான்.

வாலின் மேல்பக்கம் இருக்கும் முள்ளின் இரு ஓரமும் ரம்பம் போல இருக்கும். பற்கள் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் உள்ளே போகும்போது கிழிப்பதைவிட வெளியே வரும்போது அதிகம் கிழிக்கும். முள்ளின் அடிப்பக்கத்து இரண்டு பள்ளங்களில் விஷத் திசு இருக்கிறது, மேலே மெல்லிய உறை. முதுகில் மிதி விழுந்ததும் வால் மேலே வளைந்து கணுக்காலில் இறங்கும். உறை கிழிந்து, விஷமும் வழவழப்பும் சில நேரம் முள்துண்டும் புண்ணிலேயே தங்கிவிடும்.

எனவே தண்ணீரில் காலைத் தூக்கி வைத்து நடக்காதீர்கள். மணலை உரசியபடி தேய்த்துத் தேய்த்து நடந்தால் அந்த அதிர்வுக்கே திருக்கை எழுந்து போய்விடும். ரப்பர் செருப்பு சிப்பிக்கும் பாறைக்கும் உதவும், கணுக்காலைக் காக்காது.

குத்திவிட்டால் புண்ணை முதலில் கழுவி, துணியால் அழுத்தி ரத்தத்தை நிறுத்துங்கள். பிறகு சுடுதண்ணீர். திருக்கை விஷம் சூட்டில் கெடும் புரதம், அதனால்தான் வலி குறைகிறது. சூடு 45 டிகிரியைத் தாண்டக் கூடாது. கொதிக்கும் தண்ணீர் ஒரு பங்கு, சாதாரணத் தண்ணீர் நான்கு பங்கு கலந்தால் ஏறக்குறைய 44 டிகிரி வரும். குத்துப்பட்ட காலுக்குச் சூடு சரியாகத் தெரியாது. வேறொருவர் கை வைத்துப் பார்த்த பிறகு, நல்ல காலையும் சேர்த்தே உள்ளே வையுங்கள். இல்லாவிட்டால் விஷத்தோடு வெந்த புண்ணும் சேரும். ஆற ஆறக் காலை வெளியே எடுத்துவிட்டு மறுபடி சூடு கலந்து, 30 முதல் 90 நிமிடம் வரை வைக்கலாம்.

முள் நெஞ்சிலோ வயிற்றிலோ கழுத்திலோ நின்றால் பிடுங்கவே கூடாது. அது அடைத்துக்கொண்டிருக்கும் ரத்தக்குழாய் திறந்துவிடும். அசையாமல் கட்டி 108-ஐ அழையுங்கள். காலில் பட்ட சின்னக் குத்தானாலும் எக்ஸ்ரே எடுத்து, டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். 'வலி போய்விட்டது' என்று வீட்டில் இருந்து, உள்ளே கிடந்த துண்டால் புண் அழுகியபின் வருவதுதான் பெரும் தொல்லை.

கேள்வி: வலையில் ஏறும் கடல் பாம்பைச் சிலர் வெறுங்கையால் எடுத்து வீசுகிறார்கள். 'வாய் சின்னது, கடிக்காது' என்கிறார்கள். நம்பலாமா?
— வாசகர், கீழக்கரை

பதில்: நம்ப வேண்டாம். பெரும்பாலும் கடிக்காது என்பது சரி, கடிக்க முடியாது என்பது தவறு. விஷப்பல் குட்டை, ஆனால் விரல் தோலுக்கு அது போதும். கடிபடுவது அநேகமாக வலை பிரிக்கும்போதுதான். இறுகிய வலையில் மூச்சுத் திணறிக் கிடக்கும் பாம்பிடம் பொறுமையை எதிர்பார்க்க முடியுமா? நீளக் கம்பால் தூக்கிக் கடலில் விடுங்கள்.

கடித்த இடம் வீங்காது, வலிக்காமலும் இருக்கலாம். ஏமாற்றுவது இதுதான். அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் தசைவலி, தாடை இறுக்கம், இமை கீழே விழுதல், சிறுநீர் கறுத்துப் போதல் வரும். தசை கரைந்து சிறுநீரகத்தை அடைப்பதன் அடையாளம் அந்தக் கறுப்பு. இங்கே சுடுதண்ணீர் வைத்தியம் கூடாது. கீறுவதும் கயிறு இறுக்கிக் கட்டுவதும் கூடாது. கையை மட்டை வைத்து அசையாமல் கட்டி, நடக்க விடாமல் கொண்டுபோங்கள். நம் நாட்டில் வழக்கமாகக் கொடுக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கானது. கடல் பாம்புக் கடிக்கு அதை நம்பியிருக்க முடியாது. எனவே செயற்கை சுவாசமும் டயாலிசிஸும் இருக்கிற மருத்துவமனைக்கே போக வேண்டும். ஒன்றும் தெரியாவிட்டாலும் மருத்துவர் விடும்வரை அங்கேயே இருங்கள்.

கேள்வி: கரையில் செத்துக் கிடக்கும் சொறியை (ஜெல்லி மீனை) குழந்தைகள் தொடலாமா?
— வாசகி, மண்டபம்

பதில்: கூடாது. அதன் கொட்டும் செல்கள் உயிர் போன பிறகும் தொட்டாலே வெடிக்கும். கொட்டினால் கடல் தண்ணீரால் மட்டும் கழுவுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றினாலும் மணல் வைத்துத் தேய்த்தாலும் வெடிக்காத செல்களும் வெடிக்கும்.

கேள்வி: அப்படியானால் நம் கடலில் உண்மையிலேயே தீங்கில்லாத உயிர் எது?
— வாசகர், தொண்டி

பதில்: ஆவுளியா, அதாவது கடல் பசு. கடற்புல் மேயும் பாலூட்டி, முள்ளும் இல்லை, விஷமும் இல்லை. எதிர்க்கத் தெரியாத அந்த உயிருக்கு நாம் செய்ததுதான் கொடுமை. கறிக்காகப் பிடித்துப் பிடித்தே அருகிப்போனது. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே குட்டிதான் போடும் என்பதால் இழப்பு ஈடாவதில்லை. 2022-இல் தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவின் வடபகுதியில், தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில், 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாவின் காப்பகமாக அறிவித்தது. தொண்டியிலிருந்து அது தூரமில்லை, உங்கள் வலையிலும் சிக்கலாம்.

சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு விடாவிட்டால் அது மூழ்கியே செத்துவிடும். சிக்கியது தெரிந்ததும் முதலில் மூக்கைத் தண்ணீருக்கு மேலே தாங்குங்கள். வாலில் கயிறு கட்டி இழுத்தால் தலை உள்ளே போய்விடும். தலைப்பக்கத்திலிருந்து வலையை அறுத்து, வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.